விண்வெளி முகாமுக்குக் கிளம்பும் முன்: கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே எங்கள் வீட்டு மாடி அறைக்குப் பெற்றோர் வரத் தொடங்கிவிடுவார்கள். திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், இந்தப் பக்கம் பாகூர், வில்லியனூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். “விண்வெளி முகாமுக்குப் போகணும்னு ஒரே பிடிவாதம் மிஸ். எங்க சேர்க்கறது, என்ன படிக்கச் சொல்றது?” என்று கேட்பார்கள். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணினியில் விண்வெளிப் பயணங்களை ஒத்திகை பார்ப்பது பல வருடப் பழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முகாமுக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகள் என்னிடம் சொல்லும் வருத்தம் பெரும்பாலும் ஒன்றுதான்: “எந்த பட்டன் எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ளயே மிஷன் முடிஞ்சிடுச்சு மிஸ்.” ஒரு வார முகாமில் ஒத்திகைப் பயணம் என்பது சில மணி நேரம்தான். அந்தச் சில மணி நேரம் முழுமையாகக் கைக்கு வரவேண்டுமானால், தயாரிப்பு வீட்டிலேயே தொடங்கவேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை.

முதல் வேலை: எந்த முகாம் என்று முடிவு செய்வது

இஸ்ரோ நடத்தும் ‘யுவிகா’ முகாம் 2019-இல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. மே மாத விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு வாரம், திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா, அகமதாபாத், ஹைதராபாத், டேராடூன், ஷில்லாங் பக்கம் என்று இஸ்ரோவின் ஏதாவது ஒரு மையத்தில் தங்கவேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் இஸ்ரோ பொறுப்பு; நீங்கள் கட்டணம் எதுவும் கட்டவேண்டியதில்லை. அறிவிப்பு பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இஸ்ரோவின் இணையதளத்தில் வரும். பதிவும் வினாடிவினாவும் இணையத்திலேயே முடிந்துவிடும்.

பெற்றோர் தவறவிடுவது மதிப்பெண் கணக்கைத்தான். 2024 அறிவிப்பில் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், வினாடிவினாவுக்கு 10 சதவீதம் கொடுத்திருந்தார்கள். ஊராட்சிப் பகுதியில் இருக்கும் பள்ளியில் படித்தால் 15 சதவீதம். அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் அல்லது என்.சி.சி. ஆகியவற்றுக்கு மீதி. அதாவது விண்ணப்பிக்கும்போது பாதிக் கணக்கு ஏற்கெனவே முடிந்திருக்கும். ஏழாம் வகுப்பிலேயே பள்ளி அறிவியல் கண்காட்சியில் பிள்ளையை நிற்கவையுங்கள், சான்றிதழைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். கிராமத்துப் பள்ளி என்று தயங்குகிறவர்களுக்கு அந்த 15 சதவீதத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

இன்னொன்று, எல்லாரும் ‘ஸ்பேஸ் கேம்ப்’ என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருப்பது: அமெரிக்காவில் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில் நகரத்தில், யு.எஸ். ஸ்பேஸ் அண்ட் ராக்கெட் சென்டர் 1982 முதல் நடத்திவரும் முகாம். 9 முதல் 11 வயது, 12 முதல் 14, 15 முதல் 18 என்று வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. அங்கே பயின்ற பிள்ளைகளில் சிலர் பின்னாளில் உண்மையாகவே விண்வெளிக்குப் போனார்கள். சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி, கிறிஸ்டினா கோக் ஆகிய இருவரும் அப்படித்தான். கட்டணம், விமானச் செலவு, சென்னையில் விசா நேர்காணல் என்று இது லட்சக்கணக்கில் போகும் காரியம். கடன் வாங்கி அனுப்பாதீர்கள். கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. “நாசா முகாம், நாசா சான்றிதழ்” என்று துண்டுப் பிரசுரம் கொடுத்துப் பணம் வசூலிப்பவர்கள் பள்ளி வாசலுக்கே வருகிறார்கள். ஹன்ட்ஸ்வில் மையம் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்துக்குப் பார்வையாளர் மையமாக இருக்கிறதே தவிர, முகாமை நடத்துவது நாசா இல்லை. யார் நடத்துகிறார்கள், எங்கே தங்கவைக்கிறார்கள், இரவில் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள், ஒத்திகைப் பயணத்தில் ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். நாற்பது பேரை ஒரு திரையின் முன் உட்காரவைத்துவிட்டு அதை மிஷன் என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது: வீட்டுக் கணினியில் ஆர்பிட்டர்

விண்வெளிப் பயணத்தைக் கணினியில் ஒத்திகை பார்க்க நான் பயன்படுத்துவது ‘ஆர்பிட்டர்’ என்னும் மென்பொருள். மார்ட்டின் ஷ்வைகர் என்பவர் எழுதி 2000-இல் வெளியிட்டார். அன்றிலிருந்து இலவசம், 2021-இல் மூலநிரலையும் திறந்துவைத்துவிட்டார். விண்டோஸில் ஓடும். கணினி பழையது என்றால் 2010 பதிப்பைப் போடுங்கள். அண்ணனுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பை வைத்தே எங்களிடம் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

லேப்டாப்பில் ஒரு சிக்கல் வரும். திரையில் விண்கலத்தைத் திருப்புவதற்கும் இன்ஜினை இயக்குவதற்கும் விசைப்பலகையின் வலது ஓரத்து எண் பகுதி தேவை. பல லேப்டாப்புகளில் அது இருக்காது. யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன எண் பலகை ஒன்றைக் கணினிக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை வாங்காமல் குழம்பி, “ஓடவே மாட்டேங்குது” என்று விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

முதல் நாளே ராக்கெட் ஏவுதலைத் தொடாதீர்கள். டெல்டா கிளைடர் என்ற கற்பனைக் கலம் அதில் இருக்கிறது. எரிபொருள் தாராளம், பிழை பொறுக்கும். அது விண்வெளி நிலையத்தோடு இணைந்து நிற்கும் காட்சி ஒன்றைத் திறந்து இப்படிச் செய்யுங்கள்:

1. கன்ட்ரோல் விசையோடு D-யை அழுத்திப் பிரியுங்கள். மெல்ல விலகட்டும். கலம் சுழன்றால் எண் பகுதியில் 5-ஐத் தட்டுங்கள், சுழற்சி நிற்கும்.
2. இடது சதுர அடைப்புக்குறி விசையைத் தட்டினால் மூக்கு, போகும் திசைக்குத் திரும்பும்; வலது அடைப்புக்குறி நேர் எதிர்த் திசைக்குத் திருப்பும்.
3. போகும் திசையில் இன்ஜினைச் சில விநாடி இயக்கி நிறுத்துங்கள். பிறகு T-யைத் தட்டிக் காலத்தை வேகப்படுத்திக் காத்திருங்கள். R-ஐத் தட்டத் தட்டக் காலம் படிப்படியாகப் பழைய வேகத்துக்கு வரும்.

வேகம் கூட்டினீர்களே, நிலையத்துக்கு முன்னால் போயிருக்கவேண்டும் அல்லவா? போகமாட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் நிலையத்துக்குப் பின்னால் தங்கிப்போயிருப்பீர்கள். வேகம் கூடினால் சுற்றுப்பாதை பெரிதாகிறது, பெரிய பாதையைச் சுற்றிவர அதிக நேரம் பிடிக்கிறது. முன்னால் போகிறவரைப் பிடிக்க வேகத்தைக் குறைக்கவேண்டும். பாதை சுருங்கி, சீக்கிரம் சுற்றி, எட்டிப் பிடித்துவிடலாம். இதை வகுப்பறையில் எத்தனை முறை கரும்பலகையில் போட்டாலும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். திரையில் ஒருமுறை ஏமாந்தால் வாழ்நாளுக்கும் மறக்காது.

வேகத்தின் அளவு மனத்தில் பதிய எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் போகிறது. கடலூரில் இருந்து புதுச்சேரிக்கு மூன்று விநாடி.

மூன்றாவது: நிலையத்தோடு இணைவது (டாக்கிங்)

இதற்கு மட்டும் நான்கு ஞாயிறுகள் ஒதுக்குங்கள். பிள்ளைகள் எல்லாருமே முதலில் வேகமாக வந்து மோதுவார்கள். ஒரு பெண் காலத்தை நூறு மடங்கில் வைத்ததை மறந்துவிட்டு அணுகினாள். கண் சிமிட்டுவதற்குள் நிலையம் கடந்து மறைந்துவிட்டது. அரை மணி நேரம் அழுதாள்.

அடுத்த வாரம் எல்லாரையும் முதுநகர்த் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விசைப்படகு கரை அணைவதைப் பார்க்கச் சொன்னேன். படகு ஓட்டுகிறவர் தூரத்திலேயே இன்ஜின் வேகத்தைத் தணித்துவிடுகிறார். மிச்சத் தூரத்தைப் படகு தானாக மிதந்து வருகிறது. இடையில் ஒரே ஒருமுறை பின்னுக்கு ஒரு சின்ன உதை. முன்னணியத்தில் ஒருவர் கயிற்றோடு நின்று எத்தனை முழம் மிச்சம் என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ஓட்டுகிறவர் கரையைப் பார்ப்பதே இல்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் கையை அசைக்கிறார். தேவனாம்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: “மிஸ், எங்க அப்பா தினமும் டாக்கிங் பண்றாரு.” அன்றைக்கே எங்கள் ஒத்திகையில் ஒருவர் தூரத்தை மட்டும் உரக்கப் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். கடைசி மீட்டர்களில் விநாடிக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான வேகம், அதற்கு மேல் கூடாது.

திரும்பிப் போவதையும் பழக்குங்கள். விண்ணில் இரு கலங்களை இணைத்துப் பார்க்கும் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் தலா சுமார் 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 2024 டிசம்பர் 30-இல் ஏவப்பட்டன. 2025 ஜனவரி 12 அன்று முதலில் 15 மீட்டர், பிறகு 3 மீட்டர் வரை நெருங்கின. நம் பிள்ளைகளாக இருந்தால் இன்னும் ஓர் உந்து என்றுதான் கை போகும். இஸ்ரோ இரண்டையும் பாதுகாப்பான தூரத்துக்குப் பின்வாங்கவைத்து, தரவுகளைப் பார்த்து, ஜனவரி 16-இல்தான் இணைத்தது. பொங்கல் முடிந்து வந்த அந்த வாரம் எங்கள் மாடியில் யாரும் வேறு எதையும் பேசவில்லை.

நான்காவது: இரண்டு அறை, ஐந்து நாற்காலி

முகாமில் நடப்பது தனி ஆள் விளையாட்டு இல்லை. ஒரு பாதிக் குழு கலத்துக்குள் இருக்கும், மறு பாதி கட்டுப்பாட்டு அறையில் இருக்கும். காதில் ஹெட்செட், கையில் நேரவாரியான செக்லிஸ்ட். ஆகவே வீட்டிலும் மாடியைக் கலமாக்குங்கள், கீழ் அறையைத் தரைக் கட்டுப்பாடாக்குங்கள். இரண்டு கைப்பேசியில் ஓர் அழைப்பு போதும்.

மேலே கமாண்டர், பைலட், மிஷன் ஸ்பெஷலிஸ்ட். கீழே ஃப்ளைட் டைரக்டர், கேப்காம். கமாண்டர் முடிவெடுப்பார், பைலட் விசையைத் தொடுவார், ஸ்பெஷலிஸ்ட் எண்களைப் படித்து ஆய்வு வேலையைச் செய்வார். ஃப்ளைட் டைரக்டர் தன் அறையில் எல்லாரிடமும் கேட்டு முடிவு சொல்வார். கலத்தில் இருப்பவர்களோடு பேசும் வாய் ஒன்றே ஒன்று, அது கேப்காம். மற்றவர்கள் சொல்லவேண்டியதை அவரிடம்தான் சொல்லவேண்டும்.

பிள்ளைகள் எல்லாருக்கும் கமாண்டர் நாற்காலி வேண்டும். முகாமில் விருப்பத்தைக் கேட்டால் இரண்டாவது இடத்திலாவது கேப்காம் என்று எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை அதிகம் கற்றுக்கொள்ளும் நாற்காலி அதுதான். திரையைப் பார்க்காமல், கேட்டதை மட்டும் வைத்து, மேலே என்ன நடக்கிறது என்று மனத்தில் படம் வரையவேண்டும்.

இப்போது பேச்சு. எங்கள் ஒத்திகைகள் முதல் வருடம் முழுக்கக் கெட்டது ‘சரி’ என்ற ஒரு சொல்லால். கேப்காம் “வால்வை மூடுங்க” என்பாள். மேலிருந்து “சரி” என்று வரும். கேட்டது என்று பொருளா, செய்யப்போகிறேன் என்று பொருளா, செய்து முடித்துவிட்டேன் என்று பொருளா? வீட்டில் அம்மா கேட்டால் மூன்றுக்கும் ‘சரி’ போதும்; கலத்தில் போதாது. அதனால் ‘சரி’யை எடுத்துவிட்டு மூன்று சொல் வைத்தோம்: ‘கேட்டது’, ‘செய்கிறேன்’, ‘முடிந்தது’. எண் வந்தால் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லவேண்டும். பேசத் தொடங்கும்போது யாரை அழைக்கிறோமோ அவர் பெயர் முதலில், நம் பெயர் அடுத்து. முகாமில் இவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைக் கொடுப்பார்கள். பழக்கம் வந்துவிட்ட பிள்ளைக்குச் சொல்லை மாற்றிக்கொள்வது ஒரு நாள் வேலை.

செக்லிஸ்டை நீங்களே எழுதுங்கள். நேரம், யார், என்ன, முடிந்ததற்கு ஒரு கட்டம் என நான்கு பத்தி. நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் என்ற விண்ணோடத்தின் ஏவுதல் 2011-உடன் முடிந்துபோனாலும், நேரங்கள் துல்லியமாகத் தெரிந்திருப்பதால் பழக நல்லது. பூஜ்ஜியத்துக்கு 31 விநாடி முன் கலத்தின் கணினிகள் பொறுப்பேற்கும். 6.6 விநாடி முன் முக்கிய இன்ஜின்கள் மூன்றும் பற்றும். பூஜ்ஜியத்தில் பக்கத்து பூஸ்டர்கள். இரண்டு நிமிடம் கடந்ததும் பூஸ்டர்கள் கழலும். எட்டரை நிமிடத்தில் இன்ஜின்கள் அணையும், பிறகு பெரிய எரிபொருள் தொட்டி பிரியும். இந்த எட்டரை நிமிடத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு, கணினியே இல்லாமல், குரலால் மட்டும் பத்து முறை ஓட்டிப் பாருங்கள்.

ஐந்தாவது: கோளாறுச் சீட்டு

முகாமில் பயிற்சியாளர்கள் நடுவில் ஏதாவது கோளாறைப் புகுத்துவார்கள். பிள்ளைகள் பதறுவது அங்கேதான். வீட்டில் ஒரு டப்பாவில் சீட்டு எழுதிப் போடுங்கள்: அறைக் காற்றழுத்தம் குறைகிறது, தொடர்பு துண்டித்தது, பைலட்டுக்குத் தலைசுற்றல், ஒரு மின்கலம் செயலிழந்தது. நடத்துகிறவர் நினைத்த நேரத்தில் ஒன்றை எடுத்து நீட்டவேண்டும். முதலில் பார்த்தவர் உடனே உரக்கச் சொல்லவேண்டும். ஒருவர் கோளாறைக் கவனிக்க, இன்னொருவர் கலத்தை ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும். எல்லாரும் ஒரே விளக்கைக் குனிந்து பார்த்தால் கலத்துக்கு ஆளில்லை.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்போலோ 11-ஐக் காப்பாற்றியதும் அப்படி ஓர் எழுதிவைத்த பட்டியல்தான். 1969 ஜூலை தொடக்கத்தில் நடந்த ஒத்திகை ஒன்றில் கணினி 1201 என்று ஓர் எச்சரிக்கை காட்டியது. வழிகாட்டல் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ் அதன் பொருள் தெரியாமல் இறக்கத்தைக் கைவிடச் சொன்னார். அது தேவையற்ற முடிவு என்று ஒத்திகைக்குப் பிறகு தெரிந்தது. உடனே எல்லா எச்சரிக்கை எண்களுக்கும் என்ன செய்வது என்று பட்டியல் போடச் சொன்னார்கள். ஜாக் கார்மன் என்ற இளைஞர் கையால் எழுதினார். ஜூலை 20, நிலவை நோக்கி இறங்கும்போது 1202 என்று எரிந்தது. கார்மன் பட்டியலைப் பார்த்தார், பேல்ஸிடம் தொடரலாம் என்றார், கேப்காம் மேலே சொன்னார். இறங்கிவிட்டார்கள். ஒத்திகையில் தோற்ற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன், ஒவ்வொரு வருடமும்.

எங்களுக்கும் ஒரு நாள் வாய்த்தது. ஒரு மழைக்கால மாலை, இணைவதற்கு நாற்பது மீட்டர் இருக்கும்போது உண்மையாகவே மின்சாரம் போய்விட்டது. கணினி அணைந்தது. மாடியில் கூச்சல். கீழே கேப்காமாக இருந்தவள் அந்தத் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைதான். கைப்பேசி வெளிச்சத்தில் கடைசியாகக் கேட்ட தூரத்தையும் வேகத்தையும் நோட்டில் எழுதினாள். பிறகு, “கலம், தரை பேசறேன். கடைசியா கேட்டது நாற்பது மீட்டர், இருபது சென்டிமீட்டர். பின்னால போங்க” என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. மாடியில் கூச்சல் நின்று, “தரை, கலம். கேட்டது, பின்னால போறோம்” என்று பதில் வந்தது. இருட்டில், திரையே இல்லாமல், மீதி ஒத்திகையை முடித்தார்கள்.

ஒரு ஏவுதலை நேரில் பார்த்துவிடுங்கள்

முடிந்தால் முகாமுக்கு முன்பே ஒருமுறை ஸ்ரீஹரிகோட்டாவின் பார்வையாளர் மாடத்துக்குப் போய்வாருங்கள். இணையத்தில் முன்பதிவு, கட்டணமில்லை. சென்னைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் சூலூர்பேட்டை. ஏவுதல் தள்ளிப்போகலாம், அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். 1769 ஜூன் மாதம், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகவே லெ ஜென்தில் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் காத்திருந்தார். 1761-இல் ஒருமுறை தவறவிட்டு எட்டு வருடம் காத்திருந்தவர். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. தள்ளிவைத்த ஏவுதலுக்கு மறுநாள் உண்டு. அவருக்கு அதுவும் இல்லை.

அவ்வளவு தூரம் போகமுடியாதவர்கள் லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் இருக்கும் அறிவியல் மையத்துக்கும் கோளரங்கத்துக்கும் ஒரு சனிக்கிழமை போகலாம்.

முகாம் வாரம்

மூடிய காலணி, முடியைக் கட்ட ரப்பர், கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதோடு பிடிக்கும் கயிறு, இரண்டு பேனா, கோடு போட்ட சிறிய நோட்டு. நோட்டைத் தவிர எதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நோட்டில் உங்கள் ஒத்திகைப் பிழைகள் இருக்கும்.

ஹன்ட்ஸ்வில்லில் மூன்று அச்சிலும் சுழற்றும் வளைய நாற்காலி உண்டு. வாந்தி வருமோ என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். பெரும்பாலும் வராது. வயிறு சுழற்சியின் நடுவில் இருக்கும்படி உட்காரவைக்கிறார்கள், ஒரே திசையில் தொடர்ந்து சுற்றவிடுவதில்லை. நிலவில் நடப்பதைப் பழக்கும் ஆறில் ஒரு பங்கு எடை நாற்காலியில் ஒரே அறிவுரை: ஓடப் பார்க்காதீர்கள், கங்காருபோல இரு காலால் துள்ளுங்கள்.

மிஷன் நாளின் முந்தைய இரவு செக்லிஸ்டை முழுக்கப் படியுங்கள். உங்கள் வரிகளை மட்டும் படித்தால் போதாது. உங்களுக்கு முன் பேசுகிறவரின் வரியையும் அடிக்கோடிடுங்கள். அவர் தடுமாறினால் தெரியவேண்டும். தாமதமாகிவிட்டால் விட்ட வரிகளை வேகமாகப் படித்து ஈடுகட்டாதீர்கள். “எத்தனையாவது வரியில் இருக்கிறோம்?” என்று உரக்கக் கேளுங்கள். அப்படிக் கேட்கும் பிள்ளையைப் பயிற்சியாளர்கள் குறித்துக்கொள்வார்கள்.

திரும்பி வந்த வாரமே பழைய குழுவைக் கூட்டி அரை மணி நேரம் உட்காருங்கள். யார் தவறு செய்தார் என்று தொடங்காதீர்கள். எந்த இடத்தில் சொல்லத் தாமதித்தோம் என்று கேளுங்கள், பதில்களை நோட்டில் எழுதுங்கள். அதிலிருந்து குறைந்தது மூன்று புதிய கோளாறுச் சீட்டுகள் கிடைக்கும். அவற்றை டப்பாவில் போட்டுவிட்டு நாற்காலிகளை மாற்றுங்கள்: முகாமில் கமாண்டராக இருந்தவர் இந்த ஞாயிறு கீழ் அறையில் கேப்காம்.